ஆம்ப்பை விட்டுவிடுங்கள், டெக்கைத் திறங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. பெரியப்பா 1980களில் சவூதியிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ அடுக்கு ஒன்று வீட்டில் இருக்கிறது: ஆம்ப்ளிஃபையர், ட்யூனர், கேசட் டெக் என்று மூன்று தனித்தனிப் பெட்டிகள். ஆம்ப்பில் இடது பக்கம் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது, டெக் சுற்றுவதே இல்லை. ஆம்ப்பின் வயிற்றைக் காலி செய்து உள்ளே ஒரு மதர்போர்டு வைத்து, டிவிக்குக் கீழே பாட்டும் படமும் ஓட்டுகிற வீட்டுக் கம்ப்யூட்டராக மாற்றலாமா, முன்பக்கத்துப் பட்டன்களும் முள் மீட்டர்களும் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டு உள்ளே நுழையுமா என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், நுழையும். அந்தக் கேள்விக்குள் இருக்கிற நிஜமான கேள்வி வேறு: எந்தப் பெட்டியைப் பலிகொடுப்பது, அதைத் தொட்டால் ஷாக் அடிக்காத மாதிரி எப்படிச் செய்து முடிப்பது. நான் ஆடியோ சர்வீஸ் செய்கிறவன். இந்த மாதிரி மாற்றிக் கொடுக்கச் சொல்லி வருகிறவர்களுக்குச் செய்து கொடுத்தும் இருக்கிறேன். உங்கள் பெட்டிகளின் மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் சொல்லும் பெட்டி அளவுகளை மட்டும் டேப் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆம்ப்பை அப்படியே வையுங்கள். ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் அந்த ஆம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்து ஜப்பானிய ஆம்ப்களில் இந்தக் கோளாறு பெரும்பாலும் எங்காவது ஒரு காண்டாக்டில் பிடித்த களிம்புதான். ஸ்பீக்கர் செலக்டர் சுவிட்ச், டேப் மானிட்டர் பட்டன், வால்யூம் கன்ட்ரோல், போட்டதும் சில நொடி கழித்து ‘டக்’ என்று விழுகிற ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்), இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். பாட்டை ஓடவிட்டு டேப் மானிட்டர் பட்டனைப் பத்துப் பதினைந்து முறை அமுக்கி விடுங்கள், ஸ்பீக்கர் செலக்டரை இப்படியும் அப்படியும் திருப்புங்கள், வால்யூமைக் கடைசி வரை திருப்புவதை ஆம்ப் அணைந்திருக்கும்போது செய்யுங்கள். இடையில் சத்தம் திரும்பி வந்தால் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று போதும். திரும்பவில்லை என்றால் ரிலேயைப் பார்க்க வேண்டும். அதுவும் பெரிய வேலை இல்லை. நல்ல ட்ரான்ஸ்ஃபார்மரும் நல்ல ஹீட் சிங்க்கும் உள்ள ஆம்ப்பை வெறும் தகரப் பெட்டியாகப் பார்ப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். தவிர, உங்கள் கம்ப்யூட்டர் பாடினால் அதை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோக எப்படியும் ஓர் ஆம்ப் வேண்டும்!

சவூதியிலிருந்து வந்தது என்பதால் ஒரு எச்சரிக்கை. அங்கே அந்தக் காலத்தில் பல ஊர்களில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். ஏற்றுமதிக்குச் செய்த பெட்டிகளின் பின்னால் ஒரு வோல்டேஜ் செலக்டர் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருப்புவது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆம்ப் ஓடுகிறது, அதனால் அது 220 அல்லது 240இல்தான் நிற்க வேண்டும். ஆனால் ட்யூனரையும் டெக்கையும் யாரும் பல வருடமாகப் போடவில்லை என்றால் சோதனைக்குக்கூட ப்ளக்கில் சொருகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

இனி மிச்சம் இரண்டு. ட்யூனரின் அளவுகோலில் 88 முதல் 108 வரை எழுதியிருந்தால் அது இன்றைக்கும் நம் ஊர் எஃப்.எம். பிடிக்கும், விட்டுவிடலாம். 76 முதல் 90 வரை என்று இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்தது. நம் எஃப்.எம். நிலையங்களில் பெரும்பாலானவை அதில் வரவே வராது, போதாததற்கு அது 100 வோல்ட் பெட்டி. காலி செய்வதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் சவூதி வழியாக அப்படி ஒன்று வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே என் ஓட்டு டெக்குக்குத்தான். ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ஓடாத டெக்கில் முக்கால்வாசி நேரம் போயிருப்பது பெல்ட்தான். பழைய ரப்பர் உருகித் தார் மாதிரி புல்லியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) ஒட்டியிருக்கும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புது பெல்ட் போட்டால் ஓடவும் கூடும். வீட்டில் கேட்க வேண்டிய கேசட் இருக்கிறதென்றால், யாராவது குரல் பதிந்த கேசட் இருக்கிறதென்றால், முதலில் டெக்கை ஓடவைத்து அதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் காலி செய்யுங்கள்.

டெக் எதற்கு வசதி என்றால், நீங்கள் ஆசைப்படும் முள் மீட்டர் அதில்தான் இருக்கும். பட்டன்களும் அதில்தான் அதிகம். ட்ரான்ஸ்ஃபார்மர் சின்னது. கேசட் போடும் கதவின் பின்னால் மெக்கானிசத்தை எடுத்தால் ஒரு நல்ல பொந்து கிடைக்கும். கேசட் 100 மி.மீ. அகலம், 64 மி.மீ. உயரம். அந்த ஜன்னலின் பின்னால் 3.5 அங்குல எல்சிடி திரை கச்சிதமாக உட்காரும், கதவை மூடினால் கண்ணாடி வழியே பாட்டின் பெயர் தெரியும். ஹைஃபை அடுக்கில் கம்ப்யூட்டரை ஒளித்துவைக்கிற ஆசை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொமடோர் கம்பெனி 1991இல் தன் அமிகா 500 கம்ப்யூட்டரைக் கறுப்பு சிடி ப்ளேயர் தோற்றத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டு சிடிடிவி என்று விற்றது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் விற்கப் பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிட்டது, பெட்டி மட்டும் இன்றைக்கும் பார்க்க அழகு.

அளவுக்கு வருவோம். முழு அகல ஹைஃபை பெட்டிகள் ஏறக்குறைய 430 மி.மீ. அகலம் இருக்கும். வியா கம்பெனி 2001இல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் என்ற சின்ன வகை மதர்போர்டு 170க்கு 170 மி.மீ. ஆகவே அகலம் பிரச்சினையே இல்லை, பக்கத்தில் இன்னொரு போர்டு வைக்கலாம் போல இடம் இருக்கும். இடிக்கப்போவது ஆழம். வெளியிலிருந்து அளந்தால் டெக் 250 அல்லது 280 மி.மீ. ஆழம் காட்டும், ஆனால் முன்முகத்துக்குப் பின்னால் இன்னொரு தகரமும் அதில் பட்டன் போர்டும் கன்ட்ரோல்களும் நிற்கும். அவை தின்றது போக எவ்வளவு மிச்சம் என்பதுதான் கணக்கு. போர்டுக்கு 170, முன்னால் கேபிள் வளைய ஒரு 30, ஆக 200 மி.மீ. சுத்தமாகக் கிடைத்தால் நிம்மதி. உயரத்தில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குட்டித் தூண் (ஸ்டாண்ட்ஆஃப்) 6 மி.மீ. சொச்சம், அதன் மேல் போர்டு, அதன் மேல் கூலர். நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ மாதிரி தாழ்வான கூலர் ஃபேனோடு 37 மி.மீ.தான். 80 மி.மீ. உள்ளுயரம் இருந்தாலே காற்றுக்கும் இடம் விட்டதாகும். கிராபிக்ஸ் கார்டு நிமிர்ந்து நிற்காது, அதை மறந்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் கேம் ஆட வேண்டும் என்றால் என் பதிலின் மீதியைப் படிக்க வேண்டியதே இல்லை.

படமும் பாட்டும் மட்டும் என்றால் இன்டெல் என்100 போன்ற சிப் தாராளம். 2023இல் வந்தது, 6 வாட் சிப், 4கே படத்தைத் திணறாமல் ஓட்டும். அதை வைத்த மினி-ஐடிஎக்ஸ் போர்டுகளில் சிலவற்றில் லேப்டாப் அடாப்டரையே நேராகச் சொருகும் 19 வோல்ட் ஜாக் இருக்கிறது. முதல் முறை செய்கிறீர்கள் என்றால் அந்த மாதிரி போர்டையே வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வேன். காரணம் விலை அல்ல. அடாப்டர் வெளியே இருக்கும்போது 230 வோல்ட் உங்கள் பெட்டிக்குள் நுழைவதே இல்லை. உள்ளே நீங்கள் எங்கே எப்படிச் சால்டர் வைத்தாலும் போர்டு போகலாம், ஆள் போகமாட்டார். உள்ளேயே எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டருக்கான பவர் சப்ளை பெட்டி) வைக்கத்தான் வேண்டும் என்றால் ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் வகை 150 × 81.5 × 40.5 மி.மீ., அது பக்கவாட்டில் படுக்கும். சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை 86 மி.மீ. உயரம், டெக்கில் மூடி மூடாது.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் மிக உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான், இணையத்தில் படம் போடுகிறவர்கள் தாண்டிப் போகிற இடமும் இதுதான். உங்கள் டெக்கின் மெயின்ஸ் ஒயரைப் பாருங்கள், இரண்டு பின்தான் இருக்கும். எர்த்தே தேவைப்படாதபடி உள்ளே இரட்டைக் காப்பு செய்து வடிவமைத்த பெட்டி அது. கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். அப்படி இல்லை, எர்த் இருந்தே ஆக வேண்டிய சாதி. அதன் உள்ளே இரைச்சலை வடிக்க ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாகச் சின்னக் கெப்பாசிட்டர்கள் அதன் உலோக உறைக்குப் போகின்றன. எர்த் கிடைத்தால் அந்தச் சொட்டுக் கரண்ட் எர்த்தில் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் உறை பாதி மின்னழுத்தத்தில், அதாவது 115 வோல்ட் அளவில், மிதக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதாகச் சொல்வார்களே, அதுதான் இது. அதனாலேயே ஆள் சாகமாட்டார், ஆனால் சப்ளைக்குள் காப்பு உடைந்து நிஜமாகவே ஃபேஸ் உறையில் ஏறும் நாளில் காப்பாற்ற எதுவும் இருக்காது.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ். உள்ளே போகிறது என்றால் பழைய இரண்டு பின் ஒயரைத் தூக்கிவிட்டு மூன்று பின் சாக்கெட் பின்பக்கம் வரவேண்டும். அதன் எர்த் பின்னிலிருந்து பச்சை-மஞ்சள் ஒயர், நுனியில் வளைய லக், அதை உலோகச் சட்டத்தில் தனியாக ஒரு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளைத் தகரம் தெரியும்வரை சுரண்டுங்கள், பல் வைத்த வாஷர் போடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ப்ளக்கின் எர்த் பின்னுக்கும் பெட்டியின் ஒவ்வொரு தகரத்துக்கும் நடுவே பாருங்கள், மேல் மூடி உட்பட. ஒரு ஓமுக்கு மேல் எங்கும் காட்டக்கூடாது. மூடி பெரும்பாலும் காட்டும், ஏனென்றால் பெயின்ட் மேல் பெயின்ட் உட்கார்ந்து ஸ்க்ரூ மட்டும்தான் தொடர்பு. அங்கேயும் ஸ்க்ரூவடியில் சுரண்ட வேண்டும். வெளி அடாப்டர் போட்டாலும் மூன்று பின் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள், அதில் பொதுவாக மைனஸ் எர்த்தோடு சேர்ந்திருக்கும், மீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். சுவரில் உள்ள சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்பது தனிக் கதை. பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையொட்டி இன்னொன்று. இதைப் படிக்கிற யாராவது வால்வு ரேடியோவில் இதே வேலையைச் செய்யலாமா என்று கேட்பார்கள். ஏசி/டிசி என்று போட்ட பழைய வால்வு செட்களில் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது, மின்சாரத்தின் ஒரு முனை நேராகச் சட்டத்திலேயே இருக்கும். ப்ளக்கை எப்படிச் சொருகினோம் என்பதைப் பொறுத்து அந்தச் சட்டம் ஃபேஸாகவும் இருக்கலாம். அதன் உள் சர்க்யூட்டில் ஒரு துண்டுகூட மிச்சம் இல்லாமல் எடுத்தால் மட்டும் மரப்பெட்டியைப் பயன்படுத்தலாம்.

உங்கள் டெக்கைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஓர் அரைமணி நேரம் விடுங்கள். டெக்கில் கெப்பாசிட்டர்கள் சின்னவை, பயமில்லை. ஆனால் மேலே சொன்னதையும் மீறி ஆம்ப்பைத் திறப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுவதால் சொல்கிறேன்: அங்கே 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று இரண்டு டப்பாக்கள் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யாதீர்கள், பொறி கண்ணில் தெறிக்கும், முனை உருகும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு காலிலும் ஒரு நிமிடம் பிடித்தால் அமைதியாக இறங்கிவிடும், பிறகு மீட்டரால் பார்த்துக்கொள்ளலாம்.

பின்பக்கத் தகரத்தை வெட்டுவதுதான் நேரம் தின்னும் வேலை. மதர்போர்டின் சாக்கெட்டுகள் வெளியே வர 158.75 × 44.45 மி.மீ. திறப்பு வேண்டும், எல்லா ஏடிஎக்ஸ் குடும்ப போர்டுக்கும் இதே அளவு. ட்ரில்லால் வரிசையாக ஓட்டை போட்டு அரத்தால் தேய்ப்பது ஒரு வழி, கை வலிக்கும், கோடும் நேராக வராது. நான் செய்வது வேறு. பல டெக்குகளில் பின்தகரம் தனியாக ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவுக்கு 2 மி.மீ. அலுமினியத் தகட்டை லேசர் கட்டிங் கடையில் கொடுத்து, திறப்பு, சாக்கெட் ஓட்டை, ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் சேர்த்து வெட்டி வாங்கிவிடுகிறேன். பின்னால் யாருக்காவது டெக்கைப் பழையபடி ஆக்க ஆசை வந்தால் அசல் தகரம் கெடாமல் இருக்கும். கழற்றிய ஸ்க்ரூ, மெக்கானிசம், போர்டு எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு டெக்கின் பெயரை எழுதி வையுங்கள். முன்முகத்தில் மட்டும் ஒரு ஓட்டைகூடப் புதிதாகப் போட வேண்டாம். அந்த பிரஷ்டு அலுமினியத்தில் போடுகிற கீறலை மறைக்க வழியே இல்லை. யு.எஸ்.பி. முன்னால் வேண்டும் என்றால் ஹெட்போன் ஓட்டையோ மைக் ஓட்டையோ இருக்கிறது. எந்த ஓட்டையும் போர்டு உள்ளே இருக்கும்போது போடக்கூடாது என்பது சொல்லாமலே தெரியும். ஒரு மயிரிழை இரும்புப் பிசிறு போர்டின் அடியில் போய் உட்கார்ந்தால் போதும்.

பவர் பட்டன் விஷயத்துக்கு வருவோம். டெக்கின் முன்பக்கம் அமுக்கும் பட்டன் ஒரு நீளமான பிளாஸ்டிக் கோலை இடிக்கும், அந்தக் கோல் பின்னால் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கும் மெயின்ஸ் சுவிட்சை அமுக்கும். அது அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் வகை. மதர்போர்டுக்கு வேண்டியது தொட்டுவிட்டுத் திரும்பும் வகை. பிடித்துக்கொள்ளும் சுவிட்சை அப்படியே போர்டின் பவர் பின்களில் கொடுத்தால், கம்ப்யூட்டர் எழுந்து நான்கு நொடியில் படுத்துவிடும், ஏனென்றால் பட்டனை விடாமல் அமுக்குவதாக அது நினைத்துக்கொள்ளும். பல பழைய சுவிட்சுகளில் பக்கவாட்டில் மெல்லிய வளைந்த கம்பி ஒன்று இருக்கிறது, ஒரு பள்ளத்தில் ஓடி பட்டனைப் பிடித்து நிறுத்துவது அதுதான். ஊசி முனையால் அதை மட்டும் நெம்பி எடுத்தால் சுவிட்ச் வெறும் ஸ்ப்ரிங் பட்டனாகிவிடும். ஆனால் இத்தனை வருடம் மெயின்ஸ் பொறியில் கருகிய காண்டாக்ட், போர்டின் சின்னக் கரண்ட்டைச் சரியாகக் கடத்தும் என்று உத்தரவாதம் இல்லை. தகராறு செய்தால் கோலின் முனையில் ஒரு மைக்ரோ சுவிட்சைத் திருகிவிடுங்கள், வெளியே அதே பட்டன்தான் தெரியும். சுவிட்சின் இரு காலுக்கும் குறுக்கே பொறியணைக்கும் சின்ன கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மீட்டர்கள்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. பார்க்க விஷயம் பெரிதாகத் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு முள். டெக்கில் வரும் மீட்டர்கள் பெரும்பாலும் சில நூறு மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டத்தில் முழுக்கோடிக்கு ஓடுகிறவை. அதன் கால்களில் பழைய முள் மல்டிமீட்டரை ஓம்ஸ் ×1இல் வைத்துச் சோதிக்காதீர்கள். அந்த ரேஞ்சில் அது நூறு மில்லிஆம்பியருக்கும் மேல் தள்ளும், முள் கடைசிக் கட்டையில் அடித்து வளைந்துவிடும். ஒரு டார்ச் செல், அதோடு தொடராக ஒரு 100 கிலோ ஓம் வேரியபிள் ரெசிஸ்டர், முதலில் முழு ரெசிஸ்டன்ஸில் வைத்து மெதுவாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முள் வலது கோடியைத் தொடும்போது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று டிஜிட்டல் மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 500 மைக்ரோஆம்பியர் வந்தது என்று வைப்போம். 5 வோல்ட்டை அதால் வகுத்தால் 10 கிலோ ஓம். அந்த ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு ஆர்டுவினோ ப்ரோ மைக்ரோ என்ற, நிரல் எழுதி இயக்கும் குட்டி போர்டில், மின்சாரத்தைத் துடிப்புகளாக விடும் பிடபிள்யூஎம் காலில் கொடுத்தால் முடிந்தது. பூச்சியத்திலிருந்து 255 வரை நீங்கள் அனுப்பும் எண்ணுக்கு ஏற்ப முள் நகரும். துடிப்பு நொடிக்கு நூற்றுக்கணக்கில் வந்தாலும் முள்ளின் கனமே அதைச் சமப்படுத்திவிடும், வேறு ஃபில்டர் தேவையில்லை.

முள்ளுக்கு என்ன காட்டச் சொல்வது என்பதில் எல்லாரும் ப்ராசசர் சுமையைத்தான் சொல்வார்கள். அது சலிப்பு. பாட்டு ஓட்டும் கம்ப்யூட்டரில் சுமை நாள் முழுக்க இடது மூலையில் தூங்கும். பாட்டின் சத்த அளவையே காட்டச் செய்யுங்கள். லினக்ஸில் வெளியே போகும் ஒலியை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க வசதி இருக்கிறது. ஒரு சின்ன பைத்தான் நிரல் அளவை எடுத்து யு.எஸ்.பி. வழியாக ஆர்டுவினோவுக்கு அனுப்பும். விதிப்படி செய்த வியு மீட்டரின் (சத்த அளவு காட்டும் முள் மீட்டரின்) முள் 300 மில்லிநொடியில் ஏறிப் போய் நிற்க வேண்டும், உங்கள் நிரலிலும் அந்த மந்தத்தைக் கொண்டுவந்தால்தான் முள் பழைய டெக்கின் முள் மாதிரி ஆடும், இல்லையென்றால் நடுங்கும். கோட்டில் 0 என்பது முழுக்கோடியின் 71 சதவீதத்தில் இருக்கும், அதற்குப் பிறகுதான் சிவப்பு. பாட்டு இல்லாத நேரத்தில் வெப்பநிலை காட்ட வேண்டும் என்றால் 80 டிகிரியை அந்த 71 சதவீதத்தில் நிறுத்துங்கள், சிவப்புக்கு ஓர் அர்த்தம் கிடைக்கும். மீட்டருக்குப் பின்னால் உள்ள குண்டு பல்பு போர்டின் எல்இடி பின்களில் எரியாது. 12 வோல்ட் பல்பானால் சப்ளையின் 5 வோல்ட்டில் மங்கலாக மினுங்கும், அது போதாது. 12 வோல்ட் கிடைக்கும் இடத்திலிருந்து தொடரில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் போட்டு 10 வோல்ட் வாக்கில் எரியவிட்டால் நல்ல மஞ்சள் வெளிச்சம் வரும், பல்பும் வருடக்கணக்கில் வரும்.

பட்டன்கள் அவ்வளவு சுலபமா என்பது டெக்கின் வகையைப் பொறுத்தது. தொட்டால் போதும் என்ற மெத்தென்ற பட்டன்கள் என்றால் அவை ஏற்கெனவே சாதாரண டாக்ட் சுவிட்சுகள். பழைய சர்க்யூட்டோடு உள்ள தொடர்பைத் துண்டித்து அதே ப்ரோ மைக்ரோவுக்குக் கொண்டுவரலாம். அதில் உள்ள ஏடிமெகா32யு4 சிப் கம்ப்யூட்டரிடம் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்ளும், ஆகவே ப்ளே, பாஸ், அடுத்த பாட்டு எல்லாம் எந்த டிரைவரும் இல்லாமல் வேலை செய்யும். பியானோ கட்டை மாதிரி அழுத்தமாக இறங்கும் பட்டன்கள் என்றால் அவை மெக்கானிசத்தின் அங்கம், மெக்கானிசம் போனால் தொங்கிப்போகும். அவற்றை அலங்காரமாக விட்டுவிடுங்கள். ரெக்கார்டிங் லெவல் குமிழை வால்யூமாக்க, பின்னால் உள்ள கன்ட்ரோலை எடுத்து அதே 6 மி.மீ. தண்டு உள்ள ரோட்டரி என்கோடரை (எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினோம் என்று சொல்லும் குமிழை) ப்ரோ மைக்ரோவுக்கு இணைத்துப் போடுங்கள்.

வெப்பத்தில் டெக்குக்கு ஒரு குறை உண்டு. ஆம்ப்பின் மூடி முழுக்கக் காற்றுத் துளை இருக்கும், டெக்கின் மூடியில் அவ்வளவாக இருக்காது. சித்திரை மாதத்தில் அறையே 36 டிகிரி இருக்கும்போது 6 வாட் சிப்பும் மூடிய தகரத்துக்குள் வேகும். அடித்தகரத்தில் ஃபேன் அளவுக்குத் துளைகள், உயரமான ரப்பர் பாதங்கள், மெதுவாகச் சுற்றும் 80 மி.மீ. ஃபேன் ஒன்று, சூடு போக மேல்மூடியின் பின்வரிசையில் துளைகள். இவ்வளவு போதும். ஆம்ப் மேல் டெக் என்று பழையபடி அடுக்காதீர்கள், ஆம்ப்பின் சூடு நேராக உங்கள் போர்டுக்கு வரும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. இனி வருவது அப்படி இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்புக்கு ஆடியோ ஒயர் போட்டதும் ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் வருமா என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆம்ப் இரண்டு பின் என்பதால் தப்பிக்கலாம். ஆனால் எச்.டி.எம்.ஐ. வழியாக டிவியும், டிவி வழியாக கேபிள்காரர் ஒயரும் சேர்ந்துவிட்டால் எர்த் இரண்டு பாதையில் சுற்றி இரைச்சல் கிளம்பும். சரிசெய்ய நல்ல வழி ஆப்டிகல் ஒயர். போர்டில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் வெளியில் ஒரு சின்ன டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டர் வைத்து அங்கிருந்து ஆம்ப்புக்குப் போங்கள். ஒளியில் போவதால் எர்த் தொடர்பே இருக்காது. இல்லையென்றால் ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான். செய்யவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குப் பதில் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை போட்டால் பாட்டு இனிமையாகும் என்பது பற்றி ரசிகர்களுக்குள் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆப்டிகல் வழியாகப் போகிறவருக்கு அது வீண்செலவு என்பது என் கருத்து. ஆம்ப்பும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் சேர்ந்து ஓட முடியுமா என்ற உங்கள் துணைக்கேள்விக்கும் இதே பதில்தான். சிலருக்கு அமைதியாக ஓடுகிறது, சிலருக்கு மவுஸ் நகர்த்தினாலே ஸ்பீக்கரில் கிர்ரென்று கேட்கிறது. தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

வைஃபை ஆன்டெனாவைப் பெட்டிக்குள் விடாதீர்கள், நாலு பக்கமும் தகரம், சிக்னல் வெளியே வராது. பின்தகட்டில் ஆன்டெனாவுக்கு ஓர் ஓட்டையைச் சேர்த்தே வெட்டி வாங்குங்கள். டிவி ரிமோட்டாலேயே இதை இயக்க வேண்டும் என்றால் ஒரு விஷயம்: ராஸ்ப்பெரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டில் அந்த வசதி பிறவியிலேயே உண்டு, சாதாரண மதர்போர்டு பலவற்றில் கிடையாது. வீட்டில் பெரியவர்கள்தான் அதிகம் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் பை 5 வாங்கி, அதில் லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தைப் போட்டு, கோடி (Kodi) என்ற படம்-பாட்டு மென்பொருளை ஓடவிடுங்கள். அது 85 × 56 மி.மீ. போர்டு, ஆழத்தைப் பற்றிய கவலையும் போய்விடும். ஆனால் அதற்கென்று விற்கும் 5 வோல்ட், 5 ஆம்பியர் சப்ளையையே போடுங்கள், போன் சார்ஜர் போட்டால் முனகும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் மெக்கானிசத்தையும் ட்ரான்ஸ்ஃபார்மரையும் எடுத்துவிட்டு உள்ளளவை எடுங்கள், அட்டையில் 170 × 170 சதுரம் வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள், பிறகு போர்டு வாங்குங்கள். வாங்கிய போர்டை மேசையிலேயே விரித்து வைத்து, மென்பொருள் போட்டு, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் தகட்டை வெட்டக் கொடுக்க வேண்டும். போர்டு கோளாறு என்று திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், வேறு மாடலில் சாக்கெட்டுகள் வேறு இடத்தில் இருக்கும், வெட்டிய தகடு உதவாது. டெக்கின் மாடல் எண்ணையும், முன்தகரத்துக்கும் பின்தகரத்துக்கும் நடுவே உள்ள அளவையும், பட்டன் எந்த வகை என்பதையும் எழுதுங்கள். மூடியைத் திறந்த படம் ஒன்று மேலிருந்து எடுத்துப் போட்டால், போர்டை இடது பக்கம் வைப்பதா வலது பக்கமா என்று சொல்லிவிடுகிறேன்.